மிச்சிகன் ஸ்டேட் பார்க்குகளுக்கு எந்த டிரெய்லர்: பாப்-அப்பா, 20 அடியா, 30 அடியா?

காருக்குப் பின்னால் படுக்கை வசதியுள்ள டிரெய்லரை இழுத்துப்போய்த் தங்கும் கேம்பிங் மிச்சிகனில் பெரும்பாலும் மே நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடிந்துவிடும். அந்த ஐந்து மாதத்துக்காக டிரெய்லர் வாங்க நினைப்பவர்கள் டீலரிடம் போய் எத்தனை பேர் படுக்கலாம், சோபா எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். நீங்கள் போகப்போவது மாநில அரசு நடத்தும் ஸ்டேட் பார்க்குகளுக்கு என்றால் நீளம், எடை, கரண்ட் இந்த மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும். துணிச்சுவர் வைத்து மடக்கும் பாப்-அப், 20 முதல் 22 அடிக்குள் அடங்கும் சின்ன டிரெய்லர், 30 அடியைத் தாண்டும் பெரியது என்ற மூன்றில் என் ஓட்டு நடுவில் இருப்பதற்குத்தான். ஆனால் சில விஷயங்களில் பாப்-அப் அதைத் தோற்கடித்துவிடும்.

முதலில் இடம். இங்கே முன்பதிவு ஆறு மாதத்துக்கு முன்பே திறக்கிறது. ஜூலை வார இறுதிக்கு லடிங்டன், ஹாலண்ட் போன்ற மிச்சிகன் பார்க்குகளில் இடம் வேண்டுமென்றால் ஜனவரிக் குளிரில் காலை 8 மணிக்கே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்க வேண்டும். தேடும்போது முன்பதிவுத் தளம் உங்கள் டிரெய்லரின் நீளத்தையும் கேட்கும். 32 என்று போட்டால் மரங்களுக்கு நடுவே இருக்கும் பழைய சைட்டுகள், அதாவது டிரெய்லர் நிறுத்தும் இடங்கள், பல காணாமல் போய்விடும். 20 என்று போட்டால் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும், யாராவது கேன்சல் செய்த இடம் கிடைத்தாலும் பொருந்தும். கரண்ட் இல்லாத, கைபம்பும் குழிக் கழிப்பறையும் மட்டுமே உள்ள ரஸ்டிக் கேம்ப்கிரவுண்டுகளில் பாப்-அப்தான் ராஜா. அங்கே கூட்டமும் குறைவு.

எடையில்தான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். ஆல் வீல் டிரைவ் ஹோண்டா பைலட் 5,000 பவுண்டு இழுக்கும் என்பது உண்மைதான். அதை மட்டும் வைத்து 4,500 பவுண்டு டிரெய்லர் வாங்கிவிடக் கூடாது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், இரண்டையும் இணைக்கும் ஹிட்ச் வழியாகக் காரின் முதுகில் இறங்கும். 4,000 பவுண்டு என்றால் 400 முதல் 600 பவுண்டு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். நான்கு பேர், அரிசி, கூலர், சைக்கிள், இவற்றோடு இந்த 600 பவுண்டையும் கூட்டிப் பாருங்கள். குடும்பக் காரில் பாப்-அப் நிம்மதியாகத் தேறும், 20 அடி இழுபறி, 30 அடிக்குப் பிக்கப் டிரக்கே வேண்டும். தண்ணீரை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டாம். 40 காலன் தொட்டி நிறைந்தால் 330 பவுண்டு கூடிவிடும். பார்க்கில் போய் நிரப்பிக்கொள்ளலாம். விறகையும் அங்கேயே வாங்குங்கள். ஆஷ் மரங்களைக் கொல்லும் பச்சை வண்டு 2002-ல் டெட்ராய்ட் அருகேதான் கண்டுபிடிக்கப்பட்டது, அது ஊர் ஊராகப் பரவ விறகும் ஒரு காரணம்.

கரண்டைப் பற்றி நம் சமையலை வைத்தே சொல்கிறேன். 30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட். ஏசி ஓடும்போது சுமார் 13 ஆம்ப் எடுக்கும். 1,800 வாட் இண்டக்‌ஷனில் தோசைக்கல்லை வைத்தால் 15 ஆம்ப். அந்த நேரத்தில் யாராவது வாட்டர் ஹீட்டரைக் கரண்டில் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். ஹீட்டரை கேஸுக்கு மாற்றுங்கள். சைட்டில் இருக்கும் கரண்ட் பெட்டியில் 30 ஆம்ப் பிளக் பக்கத்திலேயே பெரும்பாலும் 20 ஆம்ப் பிளக் ஒன்றும் இருக்கும். நல்ல தடிமனான எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு அடுப்பை அதில் தனியாக ஓட்டலாம். மேலே துணிப்பந்தலை விரித்து வெளியில் சமைப்பதே நல்லது, தாளித்த வாசனை மெத்தையில் ஏறினால் லேசில் போகாது. இரண்டு ஏசி வைத்த 30 அடி டிரெய்லர் 50 ஆம்ப் கேட்கும், அந்த வசதி எல்லாப் பார்க்கிலும் கிடையாது.

காற்றடித்தால் பாப்-அப் கை ஓங்குகிறது. வடக்கே இருக்கும் டாக்குவாமினான் அருவிக்கோ போர்க்குபைன் மலைக்கோ மிச்சிகனின் தெற்குப் பகுதியிலிருந்து போனால் 1957-ல் திறந்த, ஐந்து மைல் நீள மாக்கினாக் பாலத்தைக் கடக்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் உயரமான டிரெய்லர்களைத் துணை வாகனத்தோடு மெதுவாக அனுப்புவார்கள், இன்னும் பலமானால் நிறுத்தியே வைத்துவிடுவார்கள். மடங்கிய பாப்-அப் காரின் உயரத்தைத் தாண்டாது, காற்று அதைப் பிடித்துத் தள்ளுவதும் குறைவு. பெட்ரோலும் மிச்சம்.

மழை வந்தால் நிலைமை தலைகீழ். ஞாயிறு காலை மழையில் பாப்-அப்பை மடக்கினால், வீட்டுக்கு வந்ததும் டிரைவ்வேயில் மறுபடி விரித்துக் காயவைத்தே ஆக வேண்டும். இரண்டு நாள் விட்டால் துணியில் பூஞ்சை பிடிக்கும். திங்கள் காலை வேலைக்குப் போகிற வீட்டில் இது பெரிய தொல்லை. கூடவே, குழந்தைக்கு நடுராத்திரியில் பாத்ரூம் வந்தால் இருட்டில் டார்ச்சோடு நடக்க வேண்டும். கழிப்பறை உள்ளேயே இருக்கிற 20 அடி டிரெய்லரை நான் முதலில் வைப்பதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

அந்தக் கழிப்பறைக்கும் ஒரு விலை உண்டு. இங்கே பெரும்பாலான சைட்டுகளில் சாக்கடை இணைப்பு இல்லை. கிளம்பும்போது டம்ப் ஸ்டேஷனில் கழிவுத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும், ஞாயிறு மதியம் அங்கே நீண்ட வரிசை நிற்கும். முதலில் கழிப்பறைத் தொட்டி, அடுத்து குளியல், பாத்திரம் கழுவிய தண்ணீர். இரண்டாவது தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். அக்டோபரில் குழாய்களில் உறையாத திரவம் ஏற்றாவிட்டால் குளிரில் வெடித்துவிடும்.

உங்கள் குடியிருப்புச் சங்கம் வாசலில் டிரெய்லர் நிறுத்த விடாது என்றால் முடிவு மாறும். பாப்-அப் பல வீடுகளின் கராஜுக்குள் போய்விடும். மற்ற இரண்டுக்கும் மாதாமாதம் வாடகை கொடுத்து வெளியே நிறுத்த வேண்டும்.

பழையது வாங்குவதானால், பாப்-அப்பை முழுக்க ஏற்றி, இறக்கிக் காட்டச் சொல்லுங்கள், துணியின் தையல் ஓரங்களை வெளிச்சத்தில் பாருங்கள். டிரெய்லர் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நான்கு மூலைகளிலும் காலால் அழுத்திப் பாருங்கள். தரை மெத்தென்று அமுங்கினால் எங்கிருந்தோ தண்ணீர் இறங்கியிருக்கிறது. விலை எவ்வளவு குறைத்தாலும் அதை வாங்காதீர்கள்.