ஏழு உரிமங்களின் ஓராண்டுப் பணம் போயிற்று: மென்பொருள் மாற்றப் போகிறவர்கள் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் மரியாதை பார்த்துப் பாதியை விழுங்கிவிடுவேன்.

எங்களுடையது ஏழு பேர் கொண்ட கட்டட வடிவமைப்பு அலுவலகம். பல ஆண்டுகளாக, கட்டடத்தைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாக உருவாக்கும் ஒரே ஒரு மென்பொருளில்தான் வேலை. சந்தா ஏறிக்கொண்டே போனது. புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழைய பதிப்பில் திறக்காது என்பதால், கட்டமைப்புப் பொறியாளர் பதிப்பு மாற்றும்போதெல்லாம் நாங்களும் மாற்ற வேண்டியிருந்தது. அலுத்துப்போயிருந்த நேரம் பார்த்து வேறொரு மென்பொருளை விற்கும் முகவர் வந்தார்.

"எங்கள் பழைய கோப்புகள் என்னாகும்?" என்று முதலிலேயே கேட்டேன். "ஐஎஃப்சி இருக்கும்போது என்ன கவலை சார்? ஐஎஸ்ஓ தரம்" என்றார். பொய்யில்லை. ஐஎஃப்சி என்பது ஒரு மென்பொருளில் செய்த கட்டட மாதிரியை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் கோப்பு வடிவம், ஐஎஸ்ஓ 16739 என்ற எண்ணுள்ள திறந்த தரம்தான். அந்த எண்ணைக் கேட்டதும் எனக்குப் பாதி சந்தேகம் தீர்ந்துவிட்டது.

மீதிப் பாதி தீர்ந்தது செயல்விளக்கத்தில். எங்கள் நான்கு மாடிக் கட்டடத்தை அவர் சொன்ன அமைப்பில் ஐஎஃப்சி கோப்பாக ஏற்றுமதி செய்து கொடுத்தோம். சிறிது நேரத்தில் திரையில் சுழற்றிக் காட்டினார். சுவர், தூண், ஜன்னல், படிக்கட்டின் கைப்பிடி வரை எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. என் கூட்டாளி கைதட்டியே விட்டார். அறையில் இருந்த ஏழு பேரில் ஒருவர்கூட, "அந்தச் சுவரைச் சற்று நகர்த்திக் காட்டுங்கள்" என்று கேட்கவில்லை.

ஏழு உரிமங்களுக்கும் ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டினோம். "பழையது, புதியது இரண்டுக்கும் எதற்குச் செலவு செய்கிறீர்கள்?" என்று அக்கறையோடு கேட்டவரும் அந்த முகவர்தான். பழைய சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டோம்.

முதல் வாரமே ஒரு கதவை நகர்த்தினோம். கதவு நகர்ந்தது, சுவரில் இருந்த திறப்பு அங்கேயே நின்றது. படிக்கட்டு ஒரே கட்டியாக வந்திருந்தது. படியின் உயரத்தை மாற்ற வழியே இல்லை. கதவுப் பட்டியலில் தீத்தடுப்பு நேரத்துக்கான பத்தி முழுவதும் காலி. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டோம்: ஐஎஃப்சியின் ஒரு பதிப்பான ஐஎஃப்சி4-இல் அவர் எங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன 'ரெஃபரன்ஸ் வியூ' என்பது பிறருடைய மாதிரியை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கானது. அதைத் திருத்தி வேலை செய்ய யாரும் உருவாக்கவில்லை. அவருக்கு இது தெரியாதா என்ன!

அதன் பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முகவர் உதவி மையத்தைக் கேட்கச் சொன்னார். உதவி மையம் புகார் எண் கொடுத்து, "உங்கள் ஏற்றுமதி அமைப்பு தவறு" என்றது. அந்த அமைப்பைச் சொன்னதே உங்கள் ஆள்தானே என்று எழுதினேன். பயிற்சித் திட்டத்தின் கட்டண விவரம் பதிலாக வந்தது! மூன்றாவது புகாருக்கு, அடுத்த பதிப்பில் சரியாகலாம் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, செயல்படுத்திய உரிமத்துக்குப் பணம் திரும்பாது என்ற விதியை ஒட்டி அனுப்பினார்கள். ஒன்றல்ல, ஏழு உரிமங்கள், ஓராண்டுப் பணம். செயல்விளக்கம் காட்டியவர் இப்போது "வேறு பிரிவுக்கு மாறிவிட்டார்".

பழைய கோப்புகளைத் திருத்தப் பழைய சந்தாவை மறுபடி வாங்கியிருக்கிறோம். அதாவது ஏழு உரிமங்களின் ஓராண்டுப் பணம் போக, இன்னொரு செலவு.

மாற நினைப்பவர்களுக்கு விரிவாக அறிவுரை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நேரமில்லை. உங்கள் கோப்பிலேயே சுவரை நகர்த்தச் சொல்லுங்கள், கதவுப் பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். முதலில் ஒரே ஒரு உரிமம், ஒரே ஒரு புதிய வேலை. நடக்கும் வேலைகளைப் பழைய மென்பொருளிலேயே முடியுங்கள். அதுவரை சந்தாவை விடாதீர்கள். வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள்.

நாளை ஒப்படைக்க வேண்டிய அந்தப் படிக்கட்டை முதல் படியிலிருந்து மறுபடி வரைந்துகொண்டிருக்கிறோம். போகிறேன்.