வேற வீட்டுல வளர்ந்து நம்மகிட்ட வந்த கிளி: பிடிச்சுப் பழக்குறதா, விட்டுப் பிடிக்கிறதா, தீனி காட்டிக் கூப்பிடுறதா?

என்கிட்ட இருக்கிறது ஒரு ஆப்பிரிக்கன் கிரே, அதாவது சாம்பல் நிறக் கிளி, வரும்போதே அதுக்கு 9 வயசு, நான் அதுக்கு மூணாவது வீடு. கிரே எல்லாம் நல்லா பார்த்துக்கிட்டா 40, 50 வருஷம் கூட இருக்கும், அதனால வளர்த்தவங்களுக்கு வயசாயிடுறது, வீடு மாறுறது, குழந்தை பிறக்குறதுன்னு ஏதோ ஒரு காரணத்துல கைமாறிக்கிட்டே இருக்கிற கிளிங்க நிறைய. குஞ்சுல இருந்து வளர்க்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னா, இங்க நாம வெள்ளைப் பேப்பர்ல எழுத ஆரம்பிக்கல, யாரோ பாதி எழுதி வச்ச நோட்டை வாங்கியிருக்கோம். என் கிளி வந்த புதுசுல ராத்திரி கூண்டுக்குள்ள இருந்து இருமும், நான் பார்த்தே இராத ஒரு பெரியவரோட இருமல், அப்படியே மனுஷன் இருமுற மாதிரி. அதைக் கேட்டப்போதான் இது எவ்வளவு பெரிய விஷயத்தை விட்டுட்டு வந்திருக்குன்னு எனக்கு உறைச்சுது.

இந்த மாதிரி கிளியோட பழகுறதுக்கு மூணு வழி சொல்றாங்க. மூணையும் நான் கொஞ்சம் கொஞ்சம் பண்ணிப் பார்த்துட்டேன், முதல் வழியைப் பண்ணினதுக்கு இன்னைக்கும் வருத்தப்படுறேன்.

பிடிச்சுப் பழக்குறது

கையை உள்ள விடு, கடிச்சாலும் எடுக்காத, தேவைப்பட்டா டவல் போட்டுப் பிடி, க்ளவுஸ் போட்டுக்கோ, நாலு நாள்ல பயம் தெளிஞ்சிடும், யாரு பெரியவன்னு அதுக்குப் புரியணும். இதுதான் அந்த வழி. சொல்றவங்க எல்லாரும் கெட்டவங்க இல்ல, நிறைய பேர் வருஷக்கணக்கா பறவை வச்சிருக்கிறவங்கதான், அவங்களுக்கு இது வேலை செஞ்ச மாதிரி தெரிஞ்சிருக்கு.

ஏன் அப்படித் தெரியுதுன்னா, ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, புது வீட்டுக்கு வந்த கிளி முதல் ஒண்ணு ரெண்டு வாரம் அடங்கித்தான் இருக்கும், சத்தம் போடாது, சில கிளி கையில கூட ஏறிடும். நாம பழகிடுச்சுன்னு நினைப்போம், ஆனா அது திகைச்சுப் போய் நிக்குது அவ்வளவுதான். இடம் பழகினதுக்கு அப்புறம்தான் அதோட நிஜ குணம் வெளிய வரும், அப்போ "நல்லாத்தானே இருந்துச்சு, திடீர்னு கடிக்குதே"ன்னு முழிப்போம். ரெண்டாவது காரணம், தப்பிக்கவே வழியில்லன்னு ஆனதும் எந்த உயிரும் ஒரு கட்டத்துல எதிர்க்கிறதை விட்டுடும். வெளிய இருந்து பார்த்தா அமைதி மாதிரி இருக்கும், உள்ள ஒண்ணும் மாறியிருக்காது.

உடம்பு ரீதியாவும் இதுல ஆபத்து உண்டு. நம்மள மாதிரி பறவைக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்சு எலும்பு முன்னும் பின்னும் அசைஞ்சாத்தான் அதால மூச்சே விட முடியும், நெஞ்சைச் சுத்தி இறுக்கிப் பிடிச்சா மூச்சு முட்டும். டவல் அவசரத்துக்கும் டாக்டர்கிட்ட போறதுக்கும்தான். அதுவும் முன்னாடியே டவலைப் பக்கத்துல வச்சு, அது மேல தீனி போட்டுப் பழக்கியிருந்தா கிளிக்கும் நல்லது நமக்கும் நல்லது.

நான் ரெண்டாவது வாரம் ஒரு நாள் அவசரப்பட்டு கறுப்பு க்ளவுஸ் போட்டு எடுத்தேன். அதுக்கப்புறம் மூணு மாசம் என் கையில கறுப்பா எது இருந்தாலும், செல்போன் கவர் கூட, கூண்டோட அந்தக் கோடிக்கு ஓடிடும். ரெண்டு நிமிஷ வேலை, மூணு மாச வட்டி.

விட்டுப் பிடிக்கிறது

இதுல நாம ஒண்ணுமே பண்ண மாட்டோம். கூண்டை வீட்டுல ஆள் புழங்குற இடத்துல, ஒரு பக்கமாவது சுவர் இருக்கிற மாதிரி வச்சிட்டு, தண்ணி தீனி மாத்திட்டு, பக்கத்துல உட்கார்ந்து நம்ம வேலையைப் பார்ப்போம். நேரா முகத்தையே உத்துப் பார்க்க மாட்டோம், ரெண்டு கண்ணும் முன்னாடி வச்சு உத்துப் பார்க்கிறது வேட்டையாடுற மிருகத்தோட பார்வை, கிளி இரையாகுற ஜாதி, அதுக்கு அது பிடிக்காது. சும்மா பேசலாம், பாடலாம், சத்தமா எதையாவது படிக்கலாம்.

இந்த வழியோட பெரிய பலமே, கிளியை நிதானமா கவனிக்க நமக்கு நேரம் கிடைக்கிறதுதான். நம்ம முன்னாடி சாப்பிடுதா, நம்ம முன்னாடி இறகு கோதுதா, ஒரு பக்க றெக்கையையும் அதே பக்கக் காலையும் சேர்த்து நீட்டி சோம்பல் முறிக்குதா, ஒத்தைக் கால்ல நின்னு அலகை கரகரன்னு தேய்ச்சுக்கிட்டே கண்ணு சொக்குதா. பயந்த பறவை பெரும்பாலும் இப்படி நிதானமா இருக்காது. எனக்கு அந்த அலகு தேய்க்கிற சத்தம் முதல் தடவை கேட்டது இருபதாவது நாள் சாயங்காலம், அன்னைக்கு நான் எழுந்திரிக்கவே இல்ல, காலு மரத்துப் போற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆனா இதை மட்டுமே பண்ணிக்கிட்டு இருந்தா ஒரு இடத்துல நின்னுடும். ஒரு வருஷம் ஆகியும் கூண்டை விட்டு வெளியவே வராத கிளிங்க இருக்கு, கதவைத் திறந்து வச்சாலும் வராது, கூண்டே உலகம்னு ஆயிடும், யாராவது கை வச்சா அந்தக் கூண்டைக் காப்பாத்த சண்டைக்கு வரும். நாம "அதுவா வரட்டும்"னு பொறுமையா இருக்கிறதா நினைச்சுக்கிட்டு இருப்போம், அதுக்கு வர்றதுக்கு ஒரு காரணமே நாம குடுத்திருக்க மாட்டோம். இன்னொண்ணு, சும்மா இருக்கும்போது நாம கண்டுக்கறது இல்ல, கத்தும்போது மட்டும் ஓடிப்போய் "என்னடா செல்லம்"னு கேட்போம், அதனால கத்தினா ஆள் வரும்னு அது நல்லா கத்துக்கும். அதுக்குப் பதிலா அமைதியா இருக்கிறப்போ, மெதுவா விசில் அடிக்கிறப்போ பார்த்துப் பதில் குடுக்கணும்.

இறகைப் பிடுங்கிக்கிற கிளி, ரொம்ப அடிபட்டு வந்த கிளி, இதுங்களுக்கு ஆரம்பத்துல இந்த வழிதான் சரி, அதுல சந்தேகமே இல்ல. இறகு பிடுங்குறதுக்கு மனசு மட்டும் காரணம் இல்ல, உடம்புல நோய் இருந்தாலும் பிடுங்கும், அதனால முதல்ல பறவை பார்க்கத் தெரிஞ்ச டாக்டர்.

தீனி காட்டிக் கூப்பிடுறது

என் ஓட்டு இதுக்குத்தான், ஆனா மேல சொன்ன ரெண்டாவது வழியை முதல் பத்துப் பதினஞ்சு நாள் பண்ணிட்டு.

முதல்ல கிண்ணத்துல எல்லாம் கலந்து வச்சு அது எதை முதல்ல பொறுக்குதுன்னு பாருங்க. பெரும்பாலும் சூரியகாந்தி விதையோ ஏதாவது கொட்டை வகையோதான் இருக்கும். இனிமே அது எப்பவும் கிண்ணத்துல கிடக்காது, நாம குடுக்கும்போது மட்டும்தான். மத்த சாப்பாடு எப்பவும் போல இருக்கணும், பட்டினி போட்டுப் பழக்குறதுன்னு ஒண்ணு சொல்றாங்க, அதைத் தயவுசெஞ்சு பண்ணாதீங்க. கிராம் கணக்கு காட்டுற சின்னத் தராசு ஒண்ணு வாங்கிக்கோங்க, பயமில்லாம அதுல ஏறிப் பழகினதும் காலையில சாப்பிடுறதுக்கு முன்னாடி எடை எழுதி வைங்க. பறவைங்க நோயை மறைக்கும், கடைசி வரைக்கும் நல்லா இருக்கிற மாதிரியே காட்டிக்கும், எடை மட்டும்தான் பொய் சொல்லாது. 450 கிராம் கிளி 405 ஆயிடுச்சுன்னா அது பத்து சதவீதம், அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும்.

அடுத்து, கூண்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு விதையைக் கிண்ணத்துல போட்டுட்டு நிக்காம போயிடுங்க. சில நாள்ல நம்மளப் பார்த்ததும் கிண்ணத்துக்கிட்ட வந்து நிக்க ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு நீளக் குச்சி, நுனியை கம்பி வழியா காட்டணும், கிளி ஆர்வத்துல அலகால தொடும், தொட்ட அதே நொடி "குட்"னு சொல்லி விதை. இதுக்குப் பேரு டார்கெட் ட்ரெய்னிங். தொட்டா விதைன்னு புரிஞ்சதும் குச்சியை இந்தப் பக்கம் காட்டினா இந்தப் பக்கம் வரும், கதவுக்கிட்ட காட்டினா கதவுக்கு வரும், கடைசில கைக்குப் பின்னாடி காட்டினா கை மேல ஒரு கால் வைக்கும். மூணு நாலு நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போதும், அது இன்னும் வேணும்னு நினைக்கும்போதே நாம முடிச்சிடணும்.

நடுவுல இறகெல்லாம் உடம்போட ஒட்டி ஒல்லியா நிமிர்ந்து நின்னாலோ, பின்னாடி சாய்ஞ்சாலோ, கண்மணி சுருங்கி விரிஞ்சு சுருங்கி விரிஞ்சு வால் விசிறி மாதிரி விரிஞ்சாலோ நிறுத்திட்டு ஒரு அடி பின்னாடி போங்க. நிறைய பேர் இதைத் தோல்வின்னு நினைக்கிறாங்க, ஆனா பயந்த கிளிக்கு நாம பின்வாங்குறதுதான் விதையை விடப் பெரிய பரிசு, "கடிக்காமலே சொன்னேன், இந்த ஆள் கேட்டுட்டான்"னு அதுக்குத் தெரியுது. மூணு வழியிலயும் நான் பார்த்த அடிப்படை வித்தியாசமே இதுதான், கிளி "வேணாம்" சொல்ல இடம் இருக்கா இல்லயான்னு. கிளிங்களோட அறிவை ஆராய்ச்சி பண்ணின ஐரீன் பெப்பர்பெர்க் அம்மாகிட்ட வளர்ந்த அலெக்ஸ்னு ஒரு கிரே, 1977ல இருந்து 2007ல சாகுற வரைக்கும் அவங்க ஆராய்ச்சியில இருந்துச்சு, சோதனை அலுத்துப் போனா கூண்டுக்குத் திரும்பிப் போகணும்னு வார்த்தையாலயே சொல்லிடும். நம்ம கிளிங்களுக்கு வார்த்தை இல்லாம உடம்பு இருக்கு, கடி வர்றதுக்கு முன்னாடி அது மூணு தடவையாவது சொல்லியிருக்கும்.

குறையும் சொல்லிடுறேன். இந்த வழில தினமும் உட்காரணும், ஒரு வாரம் விட்டுட்டா கொஞ்சம் பின்னாடி போகுது. சில கிளி விதையை வாங்கிட்டு விரலையும் கடிக்கும், அதுங்களுக்கு முதல்ல ஸ்பூன்ல குடுக்கலாம். எனக்கு கையில முழுசா ஏற அஞ்சு மாசம் ஆச்சு.

மத்த சில குழப்பங்கள்

பழைய கூண்டா புதுக் கூண்டா? ரொம்பச் சின்னதா, துருப்பிடிச்சு இல்லாத வரைக்கும் முதல் மாசம் பழைய கூண்டே இருக்கட்டும், அசிங்கமா இருந்தாலும் பரவாயில்ல, அதுக்குத் தெரிஞ்ச ஒரே பொருள் அதுதான். புதுசைப் பக்கத்துல வச்சு அதுவா நுழையட்டும். சாப்பாடும் இப்படித்தான், வெறும் விதை தின்னு வளர்ந்த கிளிக்கு வைட்டமின் ஏ குறையும், மாத்தியே ஆகணும், ஆனா ஒரே நாள்ல பெல்லட்டுக்கு, அதாவது கடையில விக்கிற உருண்டைத் தீனிக்கு, மாத்தினா அது சாப்பாடுன்னே தெரியாம பட்டினி கிடக்கும்.

றெக்கை வெட்டுறதா வேணாமா? வெட்டினா சுலபமா பழகும்னு சொல்றது எனக்கு ஒத்துக்கவே முடியல. பறந்து போக வழி இல்லாத கிளிக்கு மிச்சம் இருக்கிறது கடி மட்டும்தான். வெட்டாம வச்சா பொறுப்பு நமக்குக் கூடும், ஜன்னல், ஃபேன், அடுப்புல கொதிக்கிற பாத்திரம் எல்லாம் பார்க்கணும். நான்ஸ்டிக் பாத்திரம் அதிகமா சூடாகி வர்ற புகை றெக்கை வெட்டின கிளி வெட்டாத கிளி எல்லாத்தையும் நிமிஷத்துல கொன்னுடும், எங்க வீட்டுல அதைத் தூக்கியே போட்டுட்டோம். வெட்டி வந்த கிளின்னா இறகு உதிர்ந்து முளைக்க மாசக்கணக்குல ஆகும், காத்திருங்க.

துணைக்கு இன்னொரு கிளி? முதல் வருஷம் வேணாம். வாங்கினாலும் 30ல இருந்து 45 நாள் தனி ரூம்ல வச்சு, நோய் இருக்கான்னு டெஸ்ட் எடுத்துட்டுத்தான் சேர்க்கணும். தடவுறது தலை, கழுத்து மட்டும், முதுகையும் றெக்கைக்கு அடியிலயும் தடவினா அது நம்மள ஜோடின்னு எடுத்துக்கும், அப்புறம் வீட்டுல மத்தவங்களை எல்லாம் கடிக்க ஆரம்பிக்கும். தூக்கம் பத்துப் பன்னெண்டு மணி நேரம் இருட்டுல.

இவ்வளவு சொல்ற நான் ஒண்ணு மறைக்கக் கூடாது. என் கிளி முதல் முதல்ல பறந்து போய் உட்கார்ந்தது என் மேல இல்ல, எங்க அப்பா தோள்ல. அவர் ஒரு நாளும் குச்சி பிடிச்சதில்ல, விதை குடுத்ததில்ல, கூண்டுக்கிட்ட நாற்காலி போட்டு பேப்பர் படிப்பார், பக்கம் புரட்டும்போது அதுகிட்ட ரெண்டு வார்த்தை பேசுவார். அன்னைக்கு அவர் பேப்பரை மடிக்காம, திரும்பிக்கூடப் பார்க்காம அப்படியே படிச்சுக்கிட்டு இருந்தார். இப்போ என் கையிலயும் ஏறுது, பத்து தடவை நீட்டினா எட்டு தடவை. மீதி ரெண்டு தடவை தலையைத் திருப்பிக்கும், நான் விதையைக் கிண்ணத்துல போட்டுட்டு வேலையைப் பார்க்கப் போயிடுவேன்.