லோடு பேலன்சர் பதிவேடு: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

சிங்கப்பூரில் நிதித்துறைக்கு மென்பொருள் சேவை வழங்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் கட்டமைப்புக் குழுவில் பணிபுரிகிறேன். வந்து சேரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் அமைப்பே லோடு பேலன்சர். எங்களுடையவற்றில் பெரும்பாலானவை அமேசான் வெப் சர்வீசஸின் சிங்கப்பூர் ரீஜனில் (தரவு மையங்கள் உள்ள வட்டாரத்தில்) இருக்கின்றன. சில கூகுள் கிளவுடிலும் மைக்ரோசாஃப்ட் அஷூரிலும் உள்ளன. அவை அனைத்தின் அமைப்பு விவரங்களையும் ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் விவரம் கேட்கும் வழி) மூலம் கேட்டு வாங்கி, ‘பதிவேடு’ என்று நாங்கள் அழைக்கும் கோப்பாக நாள்தோறும் சேமித்து, முந்தைய நாள் கோப்புடன் ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். இப்படி ஒன்றைத் தாங்களே எழுதிக்கொள்வதா, காசு கொடுத்து வாங்குவதா என்று யோசிப்பவர்களுக்காக இந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

ஏபிஐயை அழைத்து விவரம் பெறுவது இந்த வேலையில் மிக எளிய பகுதி. நேற்று இருந்த லோடு பேலன்சர் ஒன்று இன்றைய பட்டியலில் காணப்படாவிட்டால், அது உண்மையிலேயே நீக்கப்பட்டதா, அல்லது ஸ்கிரிப்டால் அதைப் பார்க்க முடியாமல் போனதா என்பதைப் பதிவேடு பிரித்துச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எங்கள் குழுவுக்கு வெளியே உள்ளவர்களும் இதை நம்பிக் கையில் எடுத்தார்கள்.

அமேசானில் தொடங்குகிறேன். அங்கே இரண்டு தலைமுறை ஏபிஐகள் உள்ளன. 2009-இல் வந்த கிளாசிக் வகைக்கு ஒன்று. 2016-இல் வந்த அப்ளிகேஷன், 2017-இல் வந்த நெட்வொர்க், 2020-இல் வந்த கேட்வே ஆகிய வகைகளுக்கு மற்றொன்று. பட்டியல் கேட்கும் கட்டளையின் பெயர் இரண்டிலும் ஒன்றேதான் என்றாலும், புதியதை மட்டும் அழைப்பவருக்குக் கிளாசிக் வகை கண்ணிலேயே படாது. பழைய கணக்குகளில் யாரும் உரிமை கோராத கிளாசிக் லோடு பேலன்சர் ஒன்றாவது தூங்கிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு என்பதால் இரண்டையும் கேட்பதே முறை.

பெயர்ப்பட்டியல் ஒரே அழைப்பில் 400 வரை வந்துவிடும். அதற்குக் கீழே இறங்கும்போதுதான் எண்ணிக்கை பெருகுகிறது. லிஸனர்களையும் (கோரிக்கைகளை ஏற்கும் வாயில்கள்) அட்ரிபியூட்களையும் (அமைப்புத் தேர்வுகள்) ஒவ்வொரு லோடு பேலன்சருக்கும், கோரிக்கையை எங்கே அனுப்புவது என்று சொல்லும் விதிகளை ஒவ்வொரு லிஸனருக்கும், டார்கெட்டுகளின் (கோரிக்கையைப் பெறும் சர்வர்களின்) நலநிலையை ஒவ்வொரு டார்கெட் குரூப்புக்கும் தனித்தனியே கேட்க வேண்டும். டேக்குகளை (நாம் ஒட்டிவைக்கும் அடையாளக் குறிகளை) ஓர் அழைப்புக்கு 20 வீதம் கேட்கலாம். 100 லோடு பேலன்சர்கள், ஒவ்வொன்றுக்கும் 2 லிஸனர்கள், 3 டார்கெட் குரூப்கள் என்று கணக்குப் போட்டாலே மொத்த அழைப்புகள் 700-ஐத் தாண்டிவிடும். இவற்றுக்கான வேக வரம்பு கணக்குக்கும் ரீஜனுக்கும் பொதுவானது. நம் ஸ்கிரிப்ட் அவசரப்பட்டால், அதே கணக்கில் கட்டமைப்பைக் குறியீட்டின் மூலம் உருவாக்கும் டெராஃபார்ம் கருவியை ஓட்டிக்கொண்டிருக்கும் சக ஊழியரின் வேலை தடைபடும். ஆகவே ஒரே நேரத்தில் எழும் அழைப்புகளைக் குறைவாக வைத்து, மறுக்கப்பட்டால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மீண்டும் கேட்கும்படி அமைத்து, அதிகாலை 6 மணிக்கு ஓட விடுகிறோம். யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் அது முந்தைய நாள் இரவு 10 மணி; கோப்பின் பெயரில் சிங்கப்பூர்த் தேதியையும் உள்ளே இருக்கும் நேரங்களில் யுடிசியையும் வைத்திருக்கிறோம். இதைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்து எழுதி வைத்துவிடுவது நல்லது, ஏனென்றால் தணிக்கையின்போது முதலில் எழும் கேள்வியே இதுதான்.

இரண்டு இடங்களில் ஏபிஐ தரும் பதில் முழுமையானதுபோலத் தோன்றும், ஆனால் முழுமையாக இராது. லிஸனர் விவரத்தில் வருவது, பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ்களில் இயல்புநிலைச் சான்றிதழ் மட்டுமே. அதே லிஸனரில் வேறு டொமைன்களுக்காகச் சேர்க்கப்பட்ட சான்றிதழ்களை அறிய மற்றோர் அழைப்பு வேண்டும். விதிகளிலும் இதுபோன்ற ஒன்று உண்டு. 2019 முதல் ஒரே விதி பல டார்கெட் குரூப்களுக்கு எடை வைத்துப் போக்குவரத்தைப் பிரிக்கலாம். அப்படிப் பிரிக்கப்பட்ட விதியில் பழைய ஒற்றை டார்கெட் குரூப் புலம் இராது. குரூப்களும் எடைகளும் உள்ளே இன்னோர் அடுக்கில் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் பல மாதிரி ஸ்கிரிப்டுகள் ஒற்றைப் புலத்தை மட்டுமே படிக்கின்றன. அவற்றின் அறிக்கையில் அந்த விதி எங்கும் போகாத விதியாகத் தெரியும்.

அந்த அடுக்கைப் பதிவு செய்ததன் பயனைச் சீனப் புத்தாண்டுக்கு முந்தைய மாற்றத் தடைக் காலம் ஒன்றில் கண்டோம். பணம் செலுத்தும் பாதைக்கான விதியில் புதிய பதிப்புக்கு 90, பழையதற்கு 10 என்று எடை வைத்துச் சோதித்துவிட்டு, வெளியீடு முடிந்த பிறகும் அதை யாரும் மாற்றியிருக்கவில்லை. பணிமுறையில் இருந்த இளைஞர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, “அண்ணே, பத்து விழுக்காடு இன்னும் பழைய பக்கமேதான் போகுது” என்றார். கண்காணிப்புப் பலகையில் எல்லாம் பச்சையாகவே இருந்தது, ஏனென்றால் பழைய பதிப்பும் நன்றாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று வாரக் கோப்புகளைப் பின்னோக்கிப் புரட்டி, அந்த எடை எந்த நாளில் நுழைந்தது என்று கண்டுபிடிக்கச் சில நிமிடங்களே ஆயின.

அப்படிப் புரட்டிப் பார்க்க வேண்டுமானால், மாறாதது மாறாததாகவே தெரிய வேண்டும். ஏபிஐ பட்டியல்களைத் தரும் வரிசை நாளுக்கு நாள் ஒன்றுபோல் இருக்கும் என்று நம்பக்கூடாது. ஒவ்வொரு பட்டியலையும் அடையாளத்தின்படி வரிசைப்படுத்தி, ஒரு பொருளுக்கு ஒரு வரியாக ஜேசான் (JSON) என்ற உரை வடிவில் எழுதி, பதிப்பு வரலாற்றைக் காக்கும் கிட் (Git) கருவியில் சேர்க்கிறோம். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் டார்கெட் நலநிலையை வேறு கோப்பில் ஒதுக்கிவிட்டோம். அப்ளிகேஷன் லோடு பேலன்சரின் ஐபி முகவரிகள் தானாகவே மாறக்கூடியவை என்பதால் அவற்றைப் பதிவதே இல்லை. இவ்வளவு செய்த பிறகு, பெரும்பாலான காலைகளில் வேறுபாட்டு அறிக்கை ஒரு திரைக்குள் அடங்கிவிடுகிறது. அது நீண்டுவிட்டால் யாரும் படிக்கமாட்டார்கள்.

இனி, பார்க்க முடியாமல் போவது பற்றி. அமேசானில் ஹாங்காங், ஜகார்த்தா, 2024-இல் திறந்த மலேசியா ஆகிய ரீஜன்கள் ஒவ்வொரு கணக்கிலும் தனியே இயக்கப்பட வேண்டியவை. இயக்கப்படாத ரீஜனை அழைத்தால் அங்கீகாரப் பிழை வரும். பிழையைப் பிடித்து, விழுங்கிவிட்டு, அடுத்த ரீஜனுக்குப் போகும் ஸ்கிரிப்டுக்கு வெறுமையான ரீஜனும் அனுமதி மறுக்கப்பட்ட ரீஜனும் ஒன்றாகவே தெரியும். ஆகவே கணக்கும் ரீஜனும் சேர்ந்த ஒவ்வோர் இணைக்கும் ஒரு நிலையை எழுதுகிறோம்: முழுமை, முழுமை ஆனால் வெறுமை, அனுமதி இல்லை, இயக்கப்படவில்லை, இடையில் நின்றது. முதல் இரண்டு நிலைகளில் ஒன்று இருந்தால் மட்டுமே ‘நீக்கப்பட்டது’ என்ற வரி அறிக்கையில் வரும். மற்றவற்றில் நேற்றைய விவரம், ‘இன்று சரிபார்க்கப்படவில்லை’ என்ற குறிப்புடன் அப்படியே நிற்கும். குறியீட்டில் இது மிகச் சிறிய பகுதிதான், ஆனால் அதிகம் விவாதித்து எழுதியதும் இதைத்தான்.

கூகுள் கிளவுட் இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே லோடு பேலன்சர் என்று ஒற்றைப் பொருள் கிடையாது; ஃபார்வர்டிங் ரூல், டார்கெட் ப்ராக்ஸி, யூஆர்எல் மேப், பேக்எண்ட் சர்வீஸ் என்று ஒன்றையொன்று சுட்டும் பொருள்களை நாமே கோத்து எடுக்க வேண்டும், அது சற்றுச் சலிப்பான வேலைதான். ஆனால் எல்லா ரீஜன்களையும் சேர்த்துத் தரும் பட்டியல் அழைப்பு, எந்தப் பகுதியில் ஒன்றுமில்லை, எந்தப் பகுதியை அணுக முடியவில்லை என்பதைத் தன் பதிலிலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறது. நாங்கள் அமேசானுக்காகக் கையால் கட்டியது இங்கே பாதி ஆயத்தமாகவே கிடைத்தது.

அஷூரில் ரிசோர்ஸ் கிராஃப் என்ற வினவல் சேவை வழியே ஒரே வினவலில் லோடு பேலன்சர்களையும் அப்ளிகேஷன் கேட்வேக்களையும் எடுத்துவிடலாம்; பக்கத்துக்கு 1000 வரிகள். வசதியானது. ஆனால் வினவுபவருக்குப் படிக்கும் உரிமை இல்லாத சந்தா (அமேசானின் கணக்கைப் போன்ற பிரிவு), எந்தப் பிழையும் காட்டாமல் விடையிலிருந்து விடுபட்டுப் போகும். எனவே நிறுவனத்தின் சந்தாப் பட்டியலைத் தனியே வைத்து, விடையில் வந்தவற்றோடு ஒப்பிடுகிறோம். அடிப்படை வகை லோடு பேலன்சர்கள் 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியுடன் ஓய்வுபெற இருந்தபோது, எவை மிச்சம் என்று கண்டறிய இந்தப் பதிவேடே போதுமானதாக இருந்தது.

அனுமதிகளைப் பற்றிச் சுருக்கமாக: படிக்கும் உரிமை மட்டும் போதும், அதற்கு மேல் கொடுக்கவே கூடாது. ஆனாலும் இந்தக் கோப்பு உங்கள் நெட்வொர்க்கின் வரைபடம் என்பதால், அது இருக்கும் களஞ்சியத்துக்கு யார் வரலாம் என்பதையும் அதே கண்டிப்போடு முடிவு செய்ய வேண்டும்.

சிங்கப்பூர் நாணய ஆணையம் 2021 ஜனவரியில் வெளியிட்ட தொழில்நுட்ப இடர் நிர்வாக வழிகாட்டு நெறிகள், தகவல் சொத்துகளின் பட்டியலை நிதி நிறுவனங்கள் பராமரிக்க வேண்டும் என்கின்றன. எங்கள் வாடிக்கையாளர்கள் அதே கேள்வியை எங்களிடம் திருப்பிக் கேட்கிறார்கள். முன்பு தணிக்கைக்கு முந்தைய வாரம் எக்செல் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழுவாக அலைவது வழக்கம். இப்போது, இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் பழைய பதிப்புகளான 1.0-ஐயும் 1.1-ஐயும் இன்னும் ஏற்கும் லிஸனர்கள் எவை என்று கேட்டால், பாதுகாப்புக் கொள்கையின் பெயர் ‘2016-08’ என்று முடியும் வரிகளைத் தேடினாலே தொடக்கப் பட்டியல் கிடைத்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. காலையில் மாற்றி மாலையில் பழையபடி ஆக்கிவிட்ட அமைப்பு இதில் தெரியாது. மாற்றியவர் யார் என்பதும் தெரியாது. அதற்கு, யார் என்ன செய்தார்கள் என்று பதியும் அமேசானின் கிளவுட்டிரெயிலிடம் போக வேண்டும், அதன் இயல்பான நிகழ்வு வரலாறு 90 நாள்களே நிற்கும். ஒவ்வொரு மாற்றமும் வேண்டுமென்றால் அமேசானின் ஏடபிள்யூஎஸ் கான்ஃபிக் சேவை பொருத்தமானது, ஆனால் அது பதியும் உருப்படி ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. எஸ்க்யூஎல் என்ற வினவல் மொழி தெரிந்தவர்களுக்கு அந்தந்த நேரத்துக் கேள்விகளுக்கு, கிளவுட் விவரங்களை அம்மொழியில் கேட்க உதவும் ஸ்டீம்பைப் கருவி நன்றாகவே உதவும். நேற்று எப்படி இருந்தது என்று பார்க்க, விடைகளை நீங்களே சேமித்து வைத்திருக்க வேண்டும். ஒரே கணக்கு, ஒரே ரீஜன், பத்துக்கும் குறைவான லோடு பேலன்சர்கள் என்றால் எங்களைப்போல் எழுதிப் பராமரிப்பது வீண் உழைப்பு என்பேன்.

இப்போது ஸ்கிரிப்டில் சான்றிதழ்களின் காலாவதித் தேதியையும், அவை அமேசானே வழங்கியவையா, வெளியிலிருந்து ஏற்றப்பட்டவையா என்பதையும் சேர்த்துவருகிறோம். வெளியிலிருந்து ஏற்றப்பட்டவை தானாகப் புதுப்பிக்கப்படா. பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று குறைக்கப்படுவதால், கையால் ஏற்றிய சான்றிதழ் எந்த லிஸனரில் இருக்கிறது என்ற வரியைத்தான் எங்கள் பணிமுறைக் குழு முதலில் கேட்டிருக்கிறது.