ஒற்றைக் காலில் நிற்கும் பவர் மீட்டர்

“இடது காலை மட்டும் அளந்து, வந்ததை ரெண்டால் பெருக்கிக் காட்டுவதற்குப் பெயர் பவர் மீட்டரா?” சைக்கிள் மிதிக்கும் கால் எத்தனை வாட் தருகிறது என்று காட்டும் கருவிதான் பவர் மீட்டர். 2012இல் அமெரிக்காவின் ஸ்டேஜஸ் நிறுவனம் 699 டாலரில் இடது கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) மீட்டரை அறிவித்தபோது சைக்கிள்காரர்களில் ஒரு சாரார் இப்படிச் சிரித்தார்கள். இன்னொரு சாரார் பர்ஸை எடுத்தார்கள். ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. ஜெர்மனியில் உல்ரிக் ஷோபெரர் 1986இல் தொடங்கிய எஸ்ஆர்எம், ஒரு நல்ல சைக்கிளின் விலைக்கு விற்றுக்கொண்டிருந்த கருவி. 2013இல் கார்மின் கொண்டுவந்த வெக்டர் பெடல் 1,699 டாலர். அந்தக் காலத்தில் 699 என்று கேட்டால் மாதச் சம்பளக்காரனுக்கும் ஆசை வரும். 2014இல் கனடாவின் ஃபோர் ஐஸ் அதையும் 399க்கு இறக்கியது. இப்போது சீனத் தயாரிப்புகள் 300 டாலரைச் சுற்றி நிற்கின்றன.

ஒவ்வொரு முறை விலை இறங்கும்போதும் இதே சண்டைதான். மலிவானது சரியாகக் காட்டுமா, அதற்குச் சும்மாவே ஓட்டலாமே, இதயத் துடிப்பு பார்த்தால் போதாதா என்று. எனக்கு இந்தச் சண்டையில் ஒரே ஒரு கட்சி உண்டு: எத்தனை சதவீதம் துல்லியம் என்று பெட்டியில் போட்டிருப்பதைவிட, அந்தக் கருவி சைக்கிளில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் கணக்கு தேவை. வாட் என்பது முறுக்கு விசையைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் வருவது. 170 மில்லிமீட்டர் கிராங்கில், நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்து 200 வாட் தருகிறீர்கள் என்றால், ரெண்டு காலும் சேர்ந்து கிராங்க் முனையில் தரும் சராசரி விசை சுமார் பன்னிரண்டரை கிலோ எடைக்குச் சமம். அவ்வளவுதான், ஒரு 25 கிலோ அரிசிப் பையில் ஏறக்குறைய பாதி. அந்த அழுத்தத்தில் அலுமினியக் கிராங்க் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. மேலே ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் என்ற மெல்லிய உலோகப் படலமும் கூடவே நீள, அதன் மின்தடை துளி மாறுகிறது. மீட்டர் படிப்பது அந்தத் துளி மாற்றத்தைத்தான். 300 டாலர் கருவியிலும் 3,000 டாலர் கருவியிலும் அடிப்படை இதுவே. எங்கே ஒட்டியிருக்கிறார்கள், வெயிலில் உலோகம் விரிவதை எப்படிச் சமாளிக்கிறார்கள், சுழலும் வேகத்தை எப்படி எடுக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் இடது கிராங்க். அதிகம் திட்டு வாங்குவதும் அதிகம் கண்ணில் படுவதும் இதுதான். பழைய இடது கிராங்கைக் கழற்றிவிட்டு மீட்டர் ஒட்டிய கிராங்கைப் போட வேண்டும். பத்து நிமிட வேலை. ஃபோர் ஐஸ் கருவி வெறும் 9 கிராம். பேட்டரி சாதாரண சிஆர்2032 வில்லை, தெருமுனைக் கடையில் கிடைக்கும்.

குறை எங்கே என்பதை நான் என் காலிலேயே பார்த்தேன். எனக்கு இடது முழங்காலில் பழைய அடி உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரின் இரட்டைப் பக்க மீட்டர் பெடல்களைக் கடன் வாங்கி, என் இடது கிராங்க் மீட்டர் இருந்த அதே சைக்கிளில் மாட்டினேன். ஹேண்டில்பாரில் ரெண்டு கணினி, ஒன்று கிராங்குக்கு, ஒன்று பெடலுக்கு. விடியும்போது கோவளம் தாண்டி மாமல்லபுரம் நோக்கி நிதானமாக இருபது நிமிடம் ஓட்டியதில் பெடல் 207 என்றது, கிராங்க் 198 என்றது. பெடல் காட்டிய பங்கு இடது 48, வலது 52. கணக்கு சரியாக இருக்கிறது. இடது கால் தந்தது 99, அதை ரெண்டால் பெருக்கினால் 198. இதுவரைக்கும் எனக்குக் கவலையில்லை.

திரும்பும்போது எதிர்க்காற்று, கால் சோர்ந்துவிட்டது. கடைசி இருபது நிமிடத்தில் பெடல் சராசரி 200, கிராங்க் 186. பங்கு 46.5க்கு 53.5. வலது கால் சத்தமில்லாமல் இடதின் வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டு செய்திருக்கிறது. கிராங்க் மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. நான் சோர்ந்துவிட்டேன் என்பதை அது உண்மையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிச் சொல்லிவிட்டது: ஏழு வாட் குறைந்ததைப் பன்னிரண்டு என்றது.

தினமும் ஐந்து நிமிடம் பிந்தி ஓடும் கடிகாரத்தோடு குடித்தனம் நடத்தலாம். சாயங்காலம் ஆனால் மட்டும் பத்து நிமிடம் பிந்தும் கடிகாரத்தோடு முடியாது. ரெண்டு காலும் ஏறக்குறைய சமமாக மிதிப்பவருக்கு இடது கிராங்க் முதல் வகைக் கடிகாரம். அடிபட்ட கால் உள்ளவருக்கு ரெண்டாவது வகை. அன்றைக்கு மாமல்லபுரத்தில் டீ குடித்துவிட்டு அர்ச்சுனன் தபசு பாறைப் பக்கம் போனேன். ஒற்றைக் காலில் நிற்கும் தவசியும் அங்கே இருக்கிறார், அவரைப் போலவே பாவனை செய்யும் பூனையும் இருக்கிறது. உங்கள் இடது கிராங்க் ரெண்டில் எது என்பது உங்கள் காலைப் பொறுத்தது.

“டீம் ஸ்கைக்கே இது போதும், உனக்கு என்ன?” என்பார்கள். உண்மைதான், 2014 முதல் அந்தப் பிரிட்டிஷ் தொழில்முறை சைக்கிள் அணி ஸ்டேஜஸ் மீட்டரைத்தான் பயன்படுத்தியது. ஆனால் அதே அணியின் கதையில்தான் இந்த மீட்டரின் இன்னொரு பலவீனமும் உலகத்துக்குத் தெரியவந்தது. 2015 டூர் டி பிரான்ஸில் லா பியர் சான் மார்ட்டான் ஏற்றத்தில் அந்த அணியின் கிறிஸ் ஃப்ரூம் எல்லோரையும் பின்னுக்கு விட்டுவிட்டுப் போனார். பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஒரு நிபுணர் கிலோவுக்கு 7.04 வாட் என்று கணக்குப் போட்டுக் காட்ட, ஊக்கமருந்துப் பேச்சு பற்றிக்கொண்டது. சில நாளில் அணியின் டிம் கெரிசன் தரவை வெளியிட்டார்: சராசரி 414 வாட், உடல் எடை 67.5 கிலோ, கிலோவுக்கு 5.78 வாட். வகுத்துப் பாருங்கள், 6.13 அல்லவா வர வேண்டும்? ஃப்ரூம் முட்டை வடிவச் செயின்ரிங் (பெடல் பக்கத்தில் செயின் ஓடும் பல்சக்கரம்) போட்டிருந்ததால் மீட்டர் ஏறக்குறைய 6 சதவீதம் கூட்டிக் காட்டுகிறது, அதைக் கழித்துவிட்டோம் என்பது அணியின் விளக்கம்.

நம்பாதவர்கள் நம்பவில்லை. ஆனால் இயந்திரக் காரணம் உண்மையானது. முட்டை வடிவச் செயின்ரிங்கில் ஒரு சுற்றுக்குள்ளேயே கிராங்க் ஓரிடத்தில் மெதுவாகவும் ஓரிடத்தில் வேகமாகவும் போகும். நாம் அழுத்தி மிதிக்கும் இடத்தில்தான் மெதுவாகப் போகும். முழுச் சுற்றுக்கும் ஒரே சராசரி வேகத்தை வைத்துப் பெருக்கும் மீட்டர், அந்த அழுத்தமான இடத்துக்கும் அதிக வேகத்தைப் போட்டுவிடுகிறது. வாட் வீங்குகிறது.

இந்த இடத்தில்தான் பெடல் மீட்டர் உள்ளே வருகிறது. இத்தாலியின் ஃபவேரோ, வாள்வீச்சுப் போட்டிகளுக்குப் புள்ளி காட்டும் கருவிகள் செய்கிற கம்பெனி. சைக்கிள் உலகத்தில் யாரும் எதிர்பார்க்காத ஆள். அது 2017இல் கொண்டுவந்த அசியோமா பெடலில் ஜைரோஸ்கோப் வைத்து, சுற்றின் ஒவ்வொரு கணத்திலும் வேகத்தைத் தனியாக எடுத்தார்கள். முட்டை வடிவமானாலும் வட்டமானாலும் அதற்கு ஒன்றுதான். பிழை கூடவோ குறையவோ 1 சதவீதம், ஒரு முறை சார்ஜ் செய்தால் குறைந்தது 50 மணி நேரம் என்கிறது கம்பெனி. ஒரு 8 மில்லிமீட்டர் ஆலன் கீ இருந்தால் ஒரு சைக்கிளிலிருந்து இன்னொன்றுக்கு ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். ரெண்டு சைக்கிள் வைத்திருப்பவருக்கு இதைவிட மலிவு கிடையாது, ஏனென்றால் ரெண்டு இடது கிராங்க் வாங்கும் காசு இதிலேயே அடங்கிவிடும்.

ஆனால் பெடல் என்றால் கிளீட்டும் சேர்ந்து வரும், அதாவது ஷூவின் அடியில் இருந்து பெடலில் மாட்டிக்கொள்ளும் துண்டு. அசியோமாவின் முதல் வடிவம் லுக் கியோ வகை ரோடு கிளீட்டுக்கானது. நம் ஊர் நீள்தூரக்காரர்கள் பலர் மவுண்டன் பைக் வகை எஸ்பிடி ஷூ போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். டீக்கடையில் இறங்கி நடக்க வேண்டுமே! ஈரச் சிமென்ட் தரையில் ரோடு கிளீட்டோடு ஒரு கையில் டீ, ஒரு கையில் வடையோடு வாத்து நடை நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கார்மின் 2021இல் ராலி எக்ஸ்சி, ஃபவேரோ பிறகு புரோ எம்எக்ஸ் என்று எஸ்பிடிக்கும் கொண்டுவந்துவிட்டார்கள், ஆனால் அவற்றை மலிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொன்று, விழுந்தால் முதலில் தரையில் உரசுவது பெடல்தான். அப்புறம், பெடலிலும் ஒரு பக்கம் மட்டும் அளக்கும் மலிவு வகை உண்டு. அதுவும் அதே ஒற்றைக் கால்தான். பெடல் என்றாலே ரெண்டு காலையும் அளக்கும் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

மூன்றாவது ஸ்பைடர் மீட்டர். மஜீன், சிகேய், எக்ஸ்கேடி என்று சீனக் கம்பெனிகள் சந்தையைக் கலக்கிக்கொண்டிருக்கும் வகை. கிராங்குக்கும் செயின்ரிங்குக்கும் நடுவே இருக்கும் நட்சத்திரத் துண்டில் கேஜ் ஒட்டியிருப்பார்கள். எந்தக் காலிலிருந்து வந்தாலும் விசை இந்த வழியாகத்தான் செயினுக்குப் போக வேண்டும். ஆகவே மொத்தம் நிஜமான மொத்தம், பெருக்கல் வித்தை கிடையாது. என் முழங்கால் போன்ற கேஸுக்கு, கொடுக்கும் காசுக்கு மிக நேர்மையான பதில் இதுதான் என்பேன். இது காட்டும் இடது–வலது பங்கை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. சுற்றைப் பாதி பாதியாகப் பிரித்துப் போடும் ஊகம் அது. ஒரு கால் இறங்கும்போது மறு கால் மேலே இழுத்தால், அந்த இழுப்பும் இறங்கும் காலின் கணக்கில் விழும்.

தொல்லை என்னவென்றால் பொருத்தம். உங்கள் கிராங்குக்கு அந்த ஸ்பைடர் உட்காருமா, கிராங்க் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டை மாற்ற வேண்டுமா, செயின்ரிங் ஓட்டைகள் ஒத்துப்போகுமா என்று மூன்று கேள்வி கேட்காமல் ஆர்டர் போடாதீர்கள். சுங்க வரியையும் கூட்டிக்கொள்ளுங்கள். கெட்டுப்போனால் திருப்பி அனுப்பும் கூரியர் செலவில் பாதி மீட்டர் போய்விடும். பழைய இரட்டைப் பக்கக் கிராங்க் மீட்டர் மலிவாக வருகிறது என்று தாவுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒட்டுப் பிரியும் அபாயத்தால் ஷிமானோ தன் 11 வேக ஹாலோடெக் ரோடு கிராங்குகளை 2023இல் சோதனைக்குத் திரும்ப அழைத்தது. 2019 ஜூலைக்கு முன் செய்ததாக இருந்தால் கடையில் காட்டாமல் காசை நீட்ட வேண்டாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பின்சக்கர ஹப்பில் அளந்த பவர்டேப் ஒரு காலத்தில் ஏழைகளின் எஸ்ஆர்எம். செயினில் தேய்ந்தது போக மிச்சத்தை அளப்பதால் கிராங்கைவிடச் சில வாட் குறைத்துக் காட்டும். சக்கரத்தை மாற்றினால் மீட்டர் வீட்டிலேயே இருந்துவிடும். இன்று தேடி வாங்க வேண்டியதில்லை. பவர்பாட் காலை அளப்பதே இல்லை. முன்னால் மாட்டி, காற்றின் அழுத்தம், ஏற்றம், வேகம் எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போடும். நல்ல தார்ச் சாலையில் ஆச்சரியமாக ஒத்துப்போகும், குண்டும் குழியுமானால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஸ்ட்ராவா செயலி இலவசமாகத் தரும் ஊக வாட்டைச் செங்குத்தான ஏற்றத்தில் ஓரளவு ஏற்கலாம். கடற்கரைச் சாலையில்? காற்று அதற்குத் தெரியாது. கடல்காற்று முதுகில் தள்ளினால் நீங்கள் ஃப்ரூம், முகத்தில் அடித்தால் சவலைப் பிள்ளை.

இஸ்ரேலின் வாட்டீம் என்ற கம்பெனி ஒரு அழகான யோசனையோடு வந்தது. உணரியை நீங்களே உங்கள் கிராங்கில் ஒட்டிக்கொள்ள வேண்டும், பிறகு தண்ணீர் நிரப்பிய பையைப் பெடலில் தொங்கவிட்டு எடை பழக்க வேண்டும். நிறையப் பொறுமை வேண்டும், ஆனால் ரெண்டு காலுக்கும் சேர்த்து 499 டாலர். 2019இல் கடையைச் சாத்திவிட்டார்கள். இன்னும் மலிவாகத் தருகிறோம் என்று முன்பணம் திரட்டிவிட்டு, கருவியைக் கடைசிவரை ஒழுங்காகத் தராத கதைகளும் உண்டு. அதனால்தான் புதிதாக ஒரு மலிவு மீட்டர் அறிவிப்பு வரும்போது பழைய ஆட்கள் “கையில் வரட்டும், பார்க்கலாம்” என்கிறார்கள். அதைப் பொறாமை என்று நினைக்க வேண்டாம்.

எங்கள் குழுவில் ஒரு தம்பி, 600 கிலோமீட்டர் பிரெவே என்ற நேரக்கெடு நீள்தூர ஓட்டத்துக்குத் தயாராகிறவன், போன மாதம் கேட்டான்: “அண்ணே, ஒரே வார்த்தையில சொல்லுங்க, எது வாங்கட்டும்?” ஒரு சைக்கிள்தான் வைத்திருக்கிறான், எஸ்பிடி ஷூ, காலில் அடி எதுவும் இல்லை, வட்டச் செயின்ரிங். இடது கிராங்க் என்றேன். எனக்கு ஒத்துவராததை அவனுக்குச் சொல்கிறேனே என்று முகத்தைப் பார்த்தான். “உன் கால் வேற, என் கால் வேறடா” என்றேன். வாங்கிவிட்டான்.

மூன்றாவது வாரம் போன். “அண்ணே, ஒரே ராத்திரியில 25 வாட் ஏறியிருக்கு! அதே ஸ்பீடு, அதே ரோடு!”

“சைக்கிள் எங்க நின்னுச்சு?”

“மொட்டை மாடியில. காலையிலேர்ந்து வெயில்லதான்.”

“கிளம்புறதுக்கு முன்னாடி மீட்டரை ஜீரோ பண்ணியா? சூடான உலோகத்துக்குப் பழைய ஜீரோ ஒத்துவராதேடா.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அது என்ன பட்டன்ணே?”