உணவுச் சந்தையா, பழைய பேப்பரா?

தாராவியில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் தமிழ்வழித் தொடக்கப்பள்ளிக்குப் பணம் திரட்ட இரண்டு வழி பேசினோம்: பெற்றோர் சமைத்து விற்கும் உணவுச் சந்தை, இல்லையென்றால் வீடுவீடாகப் பழைய பேப்பர் சேர்த்து எடைக்குப் போடுவது.

பேப்பருக்கு முதலீடு வேண்டாம். மழையில் நனைந்தால் விலை போகாது, அவ்வளவுதான்.

சந்தைக்கு எண்ணெய், கேஸ், மாட்டுங்காவிலிருந்து வாழை இலை என்று முன்பணம் வேண்டும். ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான். போன தடவை ஒரு அம்மா பணியாரக்கல்லை விட்டு நகரவே இல்லை. கம்பியால் திருப்பித் திருப்பி எடுத்துக்கொண்டே இருந்தார். அதுவரை பள்ளி வாசலோடு நின்றுவிடுகிறவர் அவர். அன்றைக்கு டீச்சரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மகள் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாளா என்று விசாரித்தார். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கவேண்டும், பாதிப் பேர் பெண்கள். அவரைத்தான் இந்தமுறை நிற்கச் சொல்லியிருக்கிறோம்.