தூக்கு, பீர்க்கை நார், மண்பானை: கடலூர் வீட்டில் ஆறு வருட அனுபவம்

2019 ஜனவரி 1 அன்று தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. அந்த வாரம் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஓட்டலுக்குச் சாம்பார் வாங்கப் போய், பாத்திரம் கொண்டுபோகாததால் வெறுங்கையோடு திரும்பினேன். பிளாஸ்டிக்குக்கு மாற்று தேடுவது அங்கே தொடங்கியது. கொஞ்ச நாளில் கடைகளில் கவர் மெல்லத் திரும்பி வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

ஜெயித்ததை முதலில் சொல்கிறேன்: மீன் வாங்க எவர்சில்வர் தூக்கு. முதுநகர் துறைமுகத்துக்கு ஞாயிறு காலை முதன்முதலாக அதை எடுத்துப் போனபோது, வழக்கமாக மீன் தரும் அக்கா, "என்னா தம்பி, பால் வாங்கவா வந்த?" என்று சிரித்தார். தூக்கையும் சேர்த்துத் தராசில் வைத்துவிட்டு இரண்டு பேரும் குழம்பினோம். எடை போட்டு, அறுத்துக் கழுவிய பிறகு கொட்டினால் போதும். கவர் காலத்தில் சங்கரா முள் குத்தி, ரத்தத் தண்ணீர் வண்டியிலிருந்து கால்சட்டைக்குச் சொட்டும். அந்தத் தொல்லை தீர்ந்தது. புளிச்சக்கை போட்டுத் தேய்த்தால் கவுச்சியும் போய்விடும். பிளாஸ்டிக் டப்பாவில் அது போகவே போகாது. ஒரே குறை, மூடியின் மடிப்புக்குள் செதில் ஒளிந்துகொள்ளும். மடிப்பில்லாத மூடியாகப் பார்த்து வாங்குங்கள்.

துணிப்பையில் ஒருமுறை ஏமாந்தேன். துணி மாதிரியே இருந்த பை ஒன்றை நம்பி வாங்கினேன். ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிய்த்து நெருப்பில் காட்டியபோது உருகி மணியாகச் சுருண்டது. பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். 'நெய்யாத பை' (நான்-ஓவன்) என்று சொல்லப்படும் அதுவும் தடைப் பட்டியலில் உள்ள பிளாஸ்டிக்தான். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள் எங்களிடம் இருபதுக்கு மேல் இருக்கும். பை இல்லை என்பது எப்போதுமே பிரச்சினையாக இருந்ததில்லை, எடுத்துப்போக மறப்பதுதான் பிரச்சினை. வண்டி டிக்கியில் இரண்டைச் சுருட்டி வைத்த பிறகுதான் சரியானது.

பாத்திரம் துலக்க இப்போது பீர்க்கை நார். மொட்டைமாடிக் கொடியில் ஒரு காயைப் பறிக்காமல் முற்றி, காய்ந்து கலகலக்கும் வரை விட்டுவிடுவோம். தோலை உரித்து விதையை உதறினால் நார் ரெடி. தேங்காய் நாரும் பிடிக்கும்தான், ஆனால் ஒரே வாரத்தில் உதிர்ந்து சிங்க்கை அடைத்துவிடுகிறது. பீர்க்கை நாருக்குச் சோதனை மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊரில் எதுவும் காயாது. ஈரத்தோடு கிடந்தால் நான்காம் நாள் சாக்கடை வாடை. பிளாஸ்டிக் கேட்காத ஒரு வேலையை இவை எல்லாமே கேட்கின்றன: காயவைக்க வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இப்போது இரண்டு நார்த் துண்டுகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஜன்னல் கம்பியில் மாட்டுகிறோம்.

மூங்கில் பல் துலக்கியும் அந்த மழையில்தான் தோற்றது. அடிப்பகுதி கறுத்துப் பூஞ்சை பிடித்தது. பெட்டியை அப்புறம் படித்துப் பார்த்தால் அதன் நாரே நைலான்! தகர வாளி இன்னும் மோசம். எங்கள் போர் தண்ணீரின் உப்புக்கு எட்டு மாதத்தில் அடி ஓட்டை. குளியலறைக்குப் பழைய பிளாஸ்டிக் வாளியே திரும்பி வந்தது, நன்றாகத்தான் இருக்கிறது.

மண்பானை வில்லியனூர் பக்கம் வாங்கியது. முதல் கோடையில் தண்ணீர் அவ்வளவு சில்லென்று இருந்தது. பானை வியர்த்து, அந்த ஈரம் ஆவியாகும்போதுதான் உள்ளே குளிர்கிறது. எனவே அக்னி நட்சத்திரத்தில் மேல்காற்று அனலாக அடிக்கும் மத்தியானம்தான் தண்ணீர் மிகவும் குளிர்ச்சி. சாயங்காலம் கடல்காற்று ஏறி உடம்பு பிசுபிசுத்தால் பானையும் மந்தமாகிவிடும். கடலோரத்தில் இருப்பவர்கள் ஃப்ரிட்ஜ் மாதிரி எதிர்பார்க்க வேண்டாம். இரண்டாம் கோடையில் வெளிப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்து, துளைகள் அடைத்து, குளிர்ச்சி பாதியாகக் குறைந்தது. சோப்பு போடாமல் தேங்காய் நாரால் தேய்த்ததில் ஓரளவு சரியானது. இப்போது இருப்பது மூன்றாவது பானை. இரண்டாவதைப் பூனை தள்ளிவிட்டது.

பால் பாக்கெட்டை ஒன்றும் செய்ய முடியவில்லை. கழுவி, காயவைத்து, பழைய சாமான்காரரிடம் போடுகிறோம். அம்மாவின் வயர் கூடையை நான் தொடவே இல்லை. அதுவும் பிளாஸ்டிக்தான், ஆனால் பதினைந்து வருடமாக உழவர் சந்தைக்குப் போய் வருகிறது.

கடைசியாகத் துணி மாட்டும் கிளிப். பிளாஸ்டிக் கிளிப் வெயிலில் பொடிப்பொடியாக உடைகிறதே என்று மரக் கிளிப் வாங்கிவந்தேன். கடல்காற்றில் அதன் கம்பி துருப்பிடித்து, அம்மாவின் வெள்ளைப் புடவையில் வரிசையாகப் பழுப்புப் புள்ளி. ஒரு வாரம் திட்டு வாங்கினேன். அம்மா இப்போது இரண்டு கயிற்றைச் சேர்த்து முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார். கிளிப்பே வேண்டாமாம். எந்தக் காற்றுக்கும் துணி பறப்பதில்லை.

கயிறு என்னவோ நைலான்தான்.