டிக்கிள்: படித்தால் கத்தும், எழுதினால் கத்தாது

தரமணியில் சிப் வடிவமைப்பு வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவன், "அண்ணா, பைத்தான் தெரியும், டிக்கிள் எதுக்கு?" என்று கேட்டான். டிக்கிள் (Tcl) ஒரு ஸ்கிரிப்ட் மொழி. சர்க்யூட்டை உருவாக்கும் சிந்தெசிஸ் டூல், அதன் வேகத்தைச் சரிபார்க்கும் டைமிங் டூல் எல்லாம் பெரும்பாலும் டிக்கிளில்தான் பேசுகின்றன. பல வருஷமாக என் பிழைப்பே அதில்தான். மற்றதெல்லாம் மேனுவலில் இருக்கிறது, நான் சொல்ல வேண்டியது ஸ்கோப், அதாவது எந்த மாறி எங்கே தெரியும் என்பது பற்றி மட்டும்.

ப்ராக் (டிக்கிளில் ஃபங்ஷனுக்குப் பெயர்) உள்ளே எல்லாமே லோக்கல், அந்த ப்ராக்குக்கு மட்டும் சொந்தம். வெளியிலிருக்கும் மாறியைப் படிக்கக்கூட 'குளோபல்' என்று அறிவிக்க வேண்டும், இல்லையென்றால் பெயருக்கு முன்னால் இரண்டு கோலன் போட வேண்டும். பைத்தானில் படிப்பதற்கு இந்த வேலையே இல்லை. மறந்துவிட்டுப் படிக்கப் போனால் "நோ சச் வேரியபிள்" என்று அங்கேயே நின்றுவிடும். அது நல்ல குணம். எழுதப் போனால்தான் வயிற்றெரிச்சல். வேறு டீமிலிருந்து வந்த ஒரு ஸ்கிரிப்டில், ஹோல்ட் வயலேஷன்களை (சிக்னல் சீக்கிரமே மாறிவிடும் டைமிங் பிழைகளை) எண்ணும் மாறி வெளியே 0. ப்ராக் உள்ளே மாறியில் ஒன்று கூட்டும் 'இன்கர்' மட்டும் இருந்தது, 'குளோபல்' இல்லை. 2007-ல் வந்த டிக்கிள் 8.5 பதிப்புக்கு முன்பு இல்லாத மாறியை 'இன்கர்' தொட்டால் எர்ரர் வரும். அதற்குப் பிறகு பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு 1 ஆக்கிவிடுகிறது. ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாக ஒரு 1, ப்ராக் முடிந்ததும் அது போச்சு. ராத்திரி முழுக்க ஓடி, காலையில் ரிப்போர்ட்டில் வயலேஷன் 0. ஒவ்வொரு சிக்னல் பாதையாகப் பார்த்தால் ஸ்லாக் (கையில் மிஞ்சும் நேரம்) மைனஸில் கிடக்கிறது, அதாவது வயலேஷன் இருக்கிறது. இதை வசதி என்று சேர்த்ததை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

அதே மொழியில்தான் 'அப்வார்' இருக்கிறது. அர்ரேயை மதிப்பாக அனுப்ப முடியாது. பெயரை அனுப்பி, உள்ளே 'அப்வார்' போட்டால் அழைத்தவரின் மாறி நம் கைக்கு வந்துவிடும். 'இன்கர்', லிஸ்ட்டின் கடைசியில் சேர்க்கும் 'லாப்பெண்ட்' இரண்டுமே, மதிப்பை எடுக்கும் டாலர் குறி இல்லாமல் மாறியின் பெயரைத்தானே வாங்குகின்றன? நாம் எழுதும் ப்ராக்கும் அப்படியே நடந்துகொள்ளும், மொழியோடு பிறந்த கமாண்ட் மாதிரி. 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜான் ஆஸ்டர்ஹவுட் டிக்கிளை, டூல்களுக்குள் பொதிந்து வைக்கும் மொழியாகத் தொடங்கினார். அந்த யோசனையின் அழகு இதில் தெரிகிறது. இவ்வளவு சுத்தமாக இதைச் செய்யும் மொழியை நான் வேறு பார்த்ததில்லை.

இருந்தாலும் என் கையில் முடிவு இருந்தால் புது வேலைக்கு டிக்கிளை எடுக்க மாட்டேன். தம்பி, நீ கற்றுத்தான் ஆகணும். யாருடைய ஸ்கிரிப்ட் வந்தாலும் ப்ராக் முடியும் இடத்தில், லோக்கல் மாறிகளைப் பட்டியலிடும் 'இன்ஃபோ லோக்கல்ஸ்' போட்டுப் பார். 'குளோபல்', 'அப்வார்' வழியாக வந்தவை அந்தப் பட்டியலில் வராது. எண்ணும் மாறியின் பெயர் அங்கே தெரிந்தால் அந்த ரிப்போர்ட்டை நம்பாதே.